கேட் தேர்வு: வேலையை விடாமல் பத்து மாதத்தில் தயாராவது எப்படி?

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ. சேர்க்கைக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதியவன் நான். முதல் முறை 81 பெர்சென்டைல் (எழுதியவர்களில் நமக்குக் கீழே எத்தனை சதவீதம் பேர் என்ற கணக்கு), அடுத்த ஆண்டு 96. அந்த ஓராண்டில் என் கணக்கு அறிவு பெரிதாக வளர்ந்துவிடவில்லை. ஆங்கிலமும் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. கேள்விகளை விட்டுவிடக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

சொல்ல எளிது. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலே திட்டு வாங்கி வளர்ந்தவர்கள் நாம். கையில் எடுத்த வேலையைப் பாதியில் வைப்பது கொங்குப் பக்கத்து வீடுகளில் குற்றம். இந்தத் தேர்வோ அந்த நல்ல பழக்கத்தையே பார்த்து அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பக் காணும் குறை இதுதான். அதனால் கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்தப் பேச்சு தலைகாட்டும்.

எந்தத் தேர்வு?

பொறியியல் மேற்படிப்புக்கும் ஒரு கேட் (GATE) உண்டு. நான் எம்.டெக். படிக்கப் போகிறேன் என்று என் அம்மா ஊர் முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. இங்கே பேசுவது ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மை நிறுவனங்கள் நடத்தும் நுழைவுத் தேர்வைப் பற்றி. ஐ.ஐ.எம்.கள் மட்டுமல்ல, நாட்டின் பல மேலாண்மைக் கல்லூரிகள் இந்த மதிப்பெண்ணை ஏற்கின்றன.

தமிழ்நாட்டுக்குள் அரசு ஒதுக்கீட்டில் எம்.பி.ஏ. படித்தால் போதும் என்பவர்களுக்கு டான்செட் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. இரண்டு மணி நேரத்தில் 100 கேள்விகள், விடைத்தாளில் வட்டத்தை நிரப்ப வேண்டும், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். அந்தச் சேர்க்கைக்கான கலந்தாய்வை நடத்துவது நம் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. வெளிநாட்டுக் கல்லூரிகள்தான் குறி என்றால் ஜிமேட். மூன்று பகுதிகள், பகுதிக்கு 45 நிமிடம், ஆண்டு முழுவதும் எழுதலாம், மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும்.

மூன்றுக்கும் ஒரே நேரத்தில் படிக்காதீர்கள். கேட் தேர்வுக்கு ஒழுங்காகத் தயாரானால் டான்செட்டுக்கு வேண்டியதில் பெரும்பகுதி கூடவே வந்துவிடும். தலைகீழாக நடக்காது.

தகுதி: ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டத்தில் 50 சதவீதம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 45. இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். பி.காம்., பி.ஏ. தமிழ், பொறியியல் எல்லாம் ஒன்றுதான். ஆனால் நேர்காணலுக்கு ஆள் எடுக்கும்போது பல ஐ.ஐ.எம்.கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களையும் வேலை அனுபவத்தையும் சேர்த்துக் கணக்கிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூத்திரம். பத்தாம் வகுப்பில் சறுக்கியவர்கள் எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எந்த நிறுவனம் எதற்கு எவ்வளவு எடை தருகிறது என்பதை அவரவர் இணையதளத்தில் பார்த்து, தமக்குச் சாதகமான ஏழெட்டைத் தாளில் எழுதி வையுங்கள். கோவையிலேயே பி.எஸ்.ஜி., அமிர்தா என்று நல்ல கல்லூரிகள் உள்ளன. அவை எந்தெந்தத் தேர்வு மதிப்பெண்ணை ஏற்கின்றன என்பதையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வின் கணக்கு

மொத்தம் இரண்டு மணி நேரம், கணினியில். முதலில் ஆங்கிலம், அடுத்து தரவும் தர்க்கமும், கடைசியில் கணக்கு. பகுதிக்கு 40 நிமிடம். வரிசையை மாற்ற முடியாது. ஒரு பகுதியில் மிச்சமான நேரத்தை அடுத்ததற்கு எடுத்துச் செல்லவும் முடியாது. 2024-ல் மொத்தம் 68 கேள்விகள்: 24, 22, 22. சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் ஒன்று குறையும். விடையை நாமே தட்டச்சு செய்ய வேண்டிய கேள்விகளும் உண்டு. அவற்றில் தவறினால் எதுவும் குறையாது, ஆகவே அவற்றை வெற்றாக விட்டு வராதீர்கள்.

கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் என்ன ஆகும்? நான்கு முறை குறித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு. கூட்டல் மூன்று, கழித்தல் மூன்று, கையில் நிற்பது சுழியம். நான்கில் ஒரு விடை நிச்சயம் தவறு என்று தள்ள முடிந்தால் மட்டுமே கணக்கு நம் பக்கம் சாய்கிறது. மூன்று முறையில் ஒன்று சரி, இரண்டு தவறு. நிகர லாபம் ஒன்று. இரண்டைத் தள்ள முடிந்தால் தயங்கவே வேண்டாம். 'நெகட்டிவ் மார்க் இருக்கிறது, தொடாதே' என்று பயமுறுத்துபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

அடுத்து பெர்சென்டைல். 2024-ல் ஏறத்தாழ 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். 99 பெர்சென்டைல் என்றால் அவர்களில் முதல் 2,900 பேருக்குள் இருக்கிறோம் என்று பொருள், 99 மதிப்பெண் அல்ல. அண்மை ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணில் பாதியைத் தொடாமலேயே 99 பெர்சென்டைல் கிடைத்திருக்கிறது. அதாவது நாட்டின் முதல் ஒரு சதவீதத்தில் நிற்பவரே பாதிக் கேள்விகளை விட்டுவிடுகிறார் அல்லது தவறு செய்கிறார். பன்னிரண்டாம் வகுப்பில் 100-க்கு 99 வாங்கிய பிள்ளைக்கு இதை நம்ப மூன்று மாதம் ஆகிறது.

பல நிறுவனங்கள் பகுதிவாரியாகவும் குறைந்தபட்சம் கேட்கின்றன. கணக்கில் பறந்து ஆங்கிலத்தில் கவிழ்ந்தால் பயனில்லை. நம் பக்கத்தில் அதிகம் நடப்பது அதுதான்.

நேரத்தை எங்கிருந்து எடுப்பது?

தேர்வு பெரும்பாலும் நவம்பரின் கடைசி ஞாயிறுகளில் ஒன்றில் வரும்: 2024-ல் நவம்பர் 24, 2025-ல் நவம்பர் 30. பிப்ரவரியில் தொடங்கினால் பத்து மாதம். வேலையில் இருப்பவருக்கு அது தேவை. கல்லூரி மாணவருக்கு ஏழு மாதம் போதும்.

திருப்பூரில் வேலை பார்ப்பவருக்குத் தெரியும், ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவோம். அதற்கு மேல் படிப்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் பொய். நான் படித்தது காலை ஐந்து முதல் ஆறரை வரை மட்டும். மதிய உணவு இடைவேளையில் ஒரு கட்டுரை. சனிக்கிழமை சம்பள நாள், அன்று புத்தகத்தைத் தொடவே மாட்டேன். ஞாயிறு காலை மூன்று மணி நேரம். வாரத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் வரும். ஷிப்மென்ட் நெருக்கும் வாரங்களில் அதிலும் பாதிதான். பரவாயில்லை. நாளைக்கு ஆறு மணி நேரம் என்று அட்டவணை போட்டு மூன்றாம் வாரம் கைவிட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பிப்ரவரி முதல் மே வரை: கணக்கின் அடித்தளம்

தடித்த பயிற்சிப் புத்தகம் வாங்குமுன் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் 7 முதல் 10-ஆம் வகுப்பு வரையிலான கணக்குப் புத்தகங்களை எடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எட்டாம் வகுப்பின் 'வாழ்வியல் கணிதம்' பாடத்தில் உள்ள சதவீதம், லாப நட்டம், தள்ளுபடி, கூட்டுவட்டி இவைதான் கேட் கணக்கின் முதுகெலும்பு. தமிழ்வழியில் படித்தவர்கள் அதே பாடத்தைத் தமிழ்ப் புத்தகத்திலும் ஆங்கிலப் புத்தகத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 'தொடர் தள்ளுபடி' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று தெரியாமல், தெரிந்த கணக்கையே தெரியாது என்று விட்டுவந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பெருந்துறைப் பக்கத்துக்காரர். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர்.

எண்கணிதத்தில்தான் கேள்விகள் அதிகம், அதற்கடுத்து இயற்கணிதம். வடிவியலும் எண்ணியலும் பின்னால் வரும். நாலு மாதத்தில் இரண்டரை மாதத்தை எண்கணிதத்துக்கே கொடுங்கள். வரிசை மாற்றம், நிகழ்தகவு போன்றவற்றில் ஒன்றிரண்டு கேள்விதான் வரும். பிடிக்காவிட்டால் அந்த அத்தியாயத்தையே விட்டுவிடலாம். விடுவதற்கு இங்கேயே பழகிக்கொள்ளுங்கள்.

பள்ளியில் கற்ற முறையை இங்கே கொஞ்சம் மாற்ற வேண்டும். ஒரு தறி ஓர் ஆர்டரை 12 நாளில் முடிக்கிறது, இன்னொரு தறி 18 நாளில். இரண்டும் சேர்ந்து ஓடினால் எத்தனை நாள்? பள்ளியில் 1/12, 1/18 என்று பின்னம் எழுதிக் கூட்டுவோம். அதற்குப் பதிலாக, ஆர்டர் 36 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 12-க்கும் 18-க்கும் பொது மடங்கு என்பதால். முதல் தறி நாளுக்கு 3 மீட்டர், இரண்டாவது 2 மீட்டர், சேர்ந்து 5. 36-ஐ 5-ஆல் வகுத்தால் 7.2 நாள். பேனாவே வேண்டாம். 'மூன்றாம் நாள் முதல் தறியில் மின்சாரம் போய்விட்டது' என்று கேள்வியைத் திருகினாலும் மீட்டர் கணக்கில் உடனே வந்துவிடும், பின்னத்தில் சிக்கும்.

அதே போல, அடக்கத்துக்கு மேல் 40 சதவீதம் விலை ஏற்றி ஒட்டி, 25 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் லாபம் என்ன? 15 என்று வாயில் வரும். 1.4-ஐ 0.75-ஆல் பெருக்கினால் 1.05, லாபம் 5 சதவீதம்தான். ஆடித் தள்ளுபடியில் துணி விற்பவர் யாரும் இதில் ஏமாறமாட்டார். சதவீதத்தைக் கூட்டாமல் பெருக்கும் பழக்கம் வந்துவிட்டால் எண்கணிதத்தில் பாதி முடிந்தது.

திரையில் ஒரு சாதாரணக் கால்குலேட்டர் இருக்கும். சுட்டியால் ஒவ்வோர் எண்ணாக அழுத்திக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். 30 வரை வர்க்கங்கள், 1/2 முதல் 1/15 வரை சதவீத மதிப்புகள் இவை மனதில் இருக்கட்டும்.

ஆங்கிலம்: படித்ததைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்

இந்தப் பகுதியை இலக்கணத் தேர்வு என்று நினைத்து சொற்பட்டியல் மனப்பாடம் செய்பவர்கள் அதிகம். 2024-ல் 24-ல் 16 கேள்விகள் நான்கு பத்திகளைப் படித்துப் பதில் சொல்வது. மீதி எட்டு கலைந்த வாக்கியங்களை அடுக்குவது, பத்தியின் சாரம், விடுபட்ட வாக்கியத்தைப் பொருத்துவது போன்றவை. நேரடி இலக்கணக் கேள்வியே இல்லை. ஆக, தேவை ஒன்றுதான்: பழக்கமில்லாத விஷயத்தைப் பற்றி 500 சொற்களை ஆங்கிலத்தில் அமைதியாகப் படித்து, எழுதியவர் என்ன வாதிடுகிறார் என்று பிடிப்பது.

பிப்ரவரியிலிருந்தே தினம் ஒரு கட்டுரை. முதல் இரண்டு மாதம் ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கம். பிறகு ஏயான் போன்ற இணைய இதழ்களின் நீண்ட கட்டுரைகள். மெய்யியல், உயிரியல், கலை வரலாறு என்று உங்களுக்கு அலுப்பூட்டும் தலைப்புகளையே தேடிப் படியுங்கள். தேர்வில் வருவது அந்த மாதிரிதான். படித்து முடித்ததும் திரையை மூடிவிட்டு, எழுதியவர் சொல்வதைத் தமிழில் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள், வீட்டில் அடுப்படியில் நிற்கும் அம்மாவிடம் சொல்வதுபோல. சொல்ல வரவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள், மறுபடி படிக்க வேண்டும். ஆங்கிலத்திலேயே சிந்தி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது உதவவில்லை. புரிந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்கத் தாய்மொழியைவிட நல்ல உரைகல் கிடையாது.

விடைகளில் கண்ணி எங்கே இருக்கும் என்று ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். காலிங்கராயன் வாய்க்காலைப் பற்றி ஒரு பத்தி என்று வைத்துக்கொள்வோம். பவானியில் தொடங்கி நொய்யலில் சேரும் அந்த வாய்க்கால் பாம்புபோல் வளைந்து செல்வதை ஒரு குறையாகப் பார்க்கக் கூடாது, வளைவுகள் நீரின் வேகத்தைக் கட்டுப்படுத்தி அதிக வயல்களைத் தொட வழி செய்தன என்கிறார் எழுத்தாளர். 'இந்தப் பத்தியின் மையக் கருத்து என்ன?' என்பது கேள்வி.

ஒரு விடை: 'பழந்தமிழர் நீர் மேலாண்மையில் உலகுக்கே முன்னோடிகள்.' பத்தி அவ்வளவு தூரம் போகவில்லை. இன்னொன்று: 'வளைவுகள் நீரின் வேகத்தைக் குறைக்கின்றன.' உண்மைதான், ஆனால் வாதத்தின் ஒரு துண்டு மட்டுமே. மூன்றாவது: 'சாயக்கழிவும் தோல் கழிவும் கலந்து இந்த வாய்க்கால் சீரழிந்துவிட்டது.' ஈரோட்டுப் பிள்ளை இதைத்தான் குறிக்கும்! கண்ணால் பார்த்தது, மனதில் கிடந்து உறுத்துவது. ஆனால் பத்தியில் அந்தப் பேச்சே இல்லை. நான்காவது விடை, 'குறையாகத் தெரியும் வடிவமே அந்த வாய்க்காலின் பயனுக்குக் காரணம்', உப்புச்சப்பில்லாமல் கடைசியில் இருக்கும். அதுதான் சரி. நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் பத்தியாக வந்தால் இன்னும் கூடுதலாக எச்சரிக்கை தேவை.

நான்கு பத்திகளையும் படித்தே ஆக வேண்டுமா? வேண்டாம். மூன்றை நிதானமாகப் படித்து, நான்காவதை நேரம் இருந்தால் தொடுவது எனக்குச் சரிப்பட்டது.

வீட்டில் படிக்க இடமில்லாதவர்களுக்கு ஈரோடு, கோவை மாவட்ட மைய நூலகங்கள் இருக்கின்றன. ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் பயிற்சிப் புத்தகங்களின் அடுக்கைத் தாண்டி, கட்டுரைத் தொகுப்பு ஒன்றும் வாங்கி வாருங்கள்.

ஜூன், ஜூலை: தரவும் தர்க்கமும்

முதல் முறை நான் கவிழ்ந்தது இங்கேதான். 22 கேள்விகள் தனித்தனியாக வராது. நாலைந்து தொகுப்புகளாக வரும். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய புதிர், அதற்கடியில் நாலைந்து கேள்விகள். முதல் தொகுப்பைத் திறந்தேன், நல்ல பிள்ளையாகப் போடத் தொடங்கினேன். பத்து நிமிடத்தில் பாதி அட்டவணை நிரம்பியது. இவ்வளவு போட்டாகிவிட்டதே, இதை எப்படி விடுவது? கடிகாரத்தைப் பார்த்தபோது 22 நிமிடம் ஓடியிருந்தது. விடை வரவில்லை. அடுத்த பதினெட்டு நிமிடத்தை நடுங்கிக்கொண்டே வீணாக்கினேன். பக்கத்துத் தொகுப்பு சாதாரண அட்டவணைக் கணக்கு என்பதை வீட்டுக்கு வந்த பிறகு நண்பன் சொல்லித்தான் அறிந்தேன்.

சின்ன வயதில் அப்பிச்சியோடு (அம்மாவின் அப்பா) ஈரோடு மஞ்சள் மண்டிக்குப் போவேன். வரிசையாக மாதிரி மஞ்சள் வைத்திருப்பார்கள், விரலி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம். வியாபாரி வருவார், ஒரு விரலியை எடுப்பார், பட்டென்று ஒடிப்பார். உள்ளே நிறம் பார்ப்பார், மூக்கருகில் கொண்டுபோவார், போட்டுவிட்டு நகர்வார். ஒரு குவியலுக்குப் பத்து நொடிகூட ஆகாது. வரிசை முழுக்க நடந்து முடித்த பிறகுதான் எதற்கு விலை எழுதுவது என்று முடிவு செய்வார். எங்கள் மஞ்சளை அவர் தாண்டிப் போனபோது எனக்கு அழுகை வந்தது. "விடு கண்ணு, அவருக்கு அது வேண்டாம், அவ்வளவுதான்" என்றார் அப்பிச்சி.

இரண்டாம் முறை எழுதும்போது அந்த வியாபாரி மாதிரிதான் செய்தேன். முதல் ஐந்து நிமிடம் எதையும் போடவில்லை. ஒவ்வொரு தொகுப்பையும் ஒரு நிமிடம் ஒடித்துப் பார்த்தேன். பிறகு எளிதான இரண்டுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம், மிச்சம் பதினொன்று மூன்றாவதற்கு. மற்ற இரண்டின் பக்கம் போகவே இல்லை. இரண்டு தொகுப்பை முழுமையாகவும் மூன்றாவதில் பாதியும் சரியாகப் போட்டாலே இந்தப் பகுதியில் நல்ல பெர்சென்டைல் வரும்.

ஒடித்துப் பார்க்கும்போது எதைப் பார்ப்பது? சங்ககிரியிலிருந்து ஐந்து லாரிகள் ஐந்து ஊர்களுக்குக் கிளம்புகின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு சரக்கு என்று ஒரு புதிர். 'முட்டை ஏற்றிய லாரி மூன்றாவதாகக் கிளம்பியது' என்பது நட்டு வைத்த கல். அதைச் சுற்றி மற்றதை அடுக்கலாம். 'முட்டை லாரி கொச்சிக்குப் போகவில்லை, நூல் லாரி முதலில் கிளம்பவில்லை, ஜவ்வரிசி லாரி சென்னைக்குப் போகவில்லை' என்று இல்லை இல்லை என்றே அடுக்கினால், பிடிக்க ஒன்றும் இல்லாமல் பல வாய்ப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாட வேண்டும். இரண்டாவது அடையாளம் கேள்விகளில் இருக்கிறது. 'மேலும், இப்படி இருந்தால்...' என்று ஒவ்வொரு கேள்வியும் புது நிபந்தனை சேர்த்தால் புதிர் முழுமையாக அவிழாது என்று பொருள். அவிழ்க்கத் தொடங்கிய பிறகும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று நிமிடத்துக்குள் அட்டவணை வரைந்து இரண்டு கட்டங்களையாவது உறுதியாக நிரப்ப முடியவில்லையா, அந்தத் தொகுப்பை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

இந்தப் பகுதிக்குத் தனிப் பாடத்திட்டம் இல்லை. முந்தைய ஆண்டுகளின் கேட் வினாத்தாள்கள்தான் பாடம். 2017-லிருந்து வந்தவற்றை நாளுக்கு இரண்டு தொகுப்பு வீதம், கடிகாரம் வைத்துப் போடுங்கள். முடித்த பிறகு, வராத தொகுப்பின் தீர்வைப் படிக்குமுன் மறுநாள் ஒருமுறை நேரக் கெடுவில்லாமல் முயலுங்கள். படிக்கும்போது விடக் கூடாது, எழுதும்போது விட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கற்கவும் முடியாது.

ஆகஸ்ட்: விண்ணப்பமும் ஒரு சான்றிதழும்

ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறைக்குப் போகும் சமயத்தில் விண்ணப்பம் திறந்திருக்கும். 2024, 2025 இரண்டிலும் ஆகஸ்ட் 1-இல் தொடங்கி செப்டம்பர் நடுப்பகுதி வரை பெற்றார்கள். 2025-ல் கட்டணம் 2,600 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 1,300. தேர்வு ஊர்களை விருப்ப வரிசையில் கொடுக்க வேண்டும். கோவையை முதலிலும் சேலத்தை இரண்டாவதிலும் வைப்பது நம் பக்கத்தவர்க்கு வசதி.

சிக்கல் வருவது சாதிச் சான்றிதழில். நம் கையில் இருக்கும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் மாநில அரசுக்கானது. ஐ.ஐ.எம்.கள் மத்திய அரசு நிறுவனங்கள்; அவற்றில் 27 சதவீத ஒதுக்கீட்டைப் பெற, மத்திய அரசு படிவத்தில் 'வசதி படைத்த பிரிவைச் சேராதவர்' (நான்-கிரீமி லேயர்) என்ற சான்றிதழ் தனியாக வேண்டும். முதலில் உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. வியாபாரம், வாடகை போன்றவை சேரும். பாசன நிலத்தின் அளவுக்குத் தனி வரம்பு உண்டு. இது தெரியாமல், தோட்டத்து வருமானத்தையும் கூட்டிப் போட்டுத் தகுதி இல்லை என்று பேசாமல் இருந்துவிட்ட குடும்பங்கள் உண்டு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வர நாள் பிடிக்கும், ஜூனிலேயே தொடங்குங்கள்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை: மாதிரித் தேர்வும் பேரேடும்

ஆகஸ்டில் வாரம் ஒன்று, அக்டோபரில் வாரம் இரண்டு. மொத்தம் பதினெட்டு, இருபது மாதிரித் தேர்வுகள் போதும். நாற்பது எழுதினேன் என்று பெருமை பேசுபவர்களிடம் எத்தனையைத் திருப்பிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். எழுத இரண்டு மணி நேரம் என்றால் ஆராய மூன்று மணி நேரம் வேண்டும்.

பழைய கடைகளில் நாள்வழி, பேரேடு என்று இரண்டு கணக்குப் புத்தகம் இருக்கும். அன்றாடம் நடப்பதை நாள்வழியில் எழுதி, பிறகு ஆள்வாரியாகப் பேரேட்டில் பதிவார்கள். தவறுகளுக்கும் அப்படித்தான் நான் கணக்கு வைத்தேன். நாள்வழியில் ஒரு பதிவு இப்படி இருக்கும்: 'செப்டம்பர் 8, கணக்கு, 9-ஆம் கேள்வி. குறைந்தபட்சம் என்று கேட்டதற்கு அதிகபட்சம் கண்டேன். 3 நிமிடம். அவசரம்.' ஞாயிறு மாலை இவற்றைப் பேரேட்டில் நான்கு தலைப்பின் கீழ் ஏற்றுவேன்: தெரியாதது, அவசரம், தவறாகப் படித்தது, விட்டிருக்க வேண்டியது. ஆறு வாரம் கழித்துக் கூட்டிப் பார்த்தபோது, தெரியாததால் போன மதிப்பெண்ணைவிட விட்டிருக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு தொங்கியதில் போனது இரண்டு மடங்கு. என் நோயை எனக்குக் காட்டியது அந்தப் பேரேடுதான். பயிற்சி மையத்தில் ஒருவரும் காட்டவில்லை.

மாதிரித் தேர்வில் வரும் பெர்சென்டைலைப் பார்த்துச் சோறு இறங்காமல் இருக்காதீர்கள். அதை எழுதுபவர்கள் பெரும்பாலும் தீவிரமாகப் படிப்பவர்கள். உண்மைத் தேர்வின் கூட்டம் வேறு.

பயிற்சி மையம் தேவையா? கோவையில் நிறைய இருக்கின்றன. கணக்கு அடியோடு மறந்துபோனவர்க்கும் தனியாகப் படித்தால் தூங்கிவிடுபவர்க்கும் உதவும். மற்றவர்க்கு மாதிரித் தேர்வுத் தொடர் ஒன்றை மட்டும் வாங்கினால் போதும்.

நவம்பர்

தீபாவளி முடிந்ததும் புதிய பாடம் எதையும் தொடாதீர்கள். நுழைவுச் சீட்டு வந்ததும் எந்த ஷிப்ட் என்று தெரியும்: காலை 8.30, பகல் 12.30, மாலை 4.30 என்று மூன்று. கடைசி மூன்று மாதிரித் தேர்வுகளை அந்த நேரத்திலேயே எழுதுங்கள். காலை ஷிப்ட் என்றால் கோபியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ முதல் பஸ் பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலம். முந்தைய மாலையே கோவைக்குப் போய் உறவினர் வீட்டில் தங்குங்கள். கல்யாணப் பேச்சு எடுக்காத உறவினராகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. நுழைவுச் சீட்டின் அச்சுப் பிரதியும் அசல் அடையாள அட்டையும் போதும். கைக்கடிகாரம், கைப்பேசி, சொந்தப் பேனா எதுவும் உள்ளே போகாது. எழுதிப் பார்க்கத் தாளும் பேனாவும் அவர்களே தருவார்கள்.

முடித்து வெளியே வந்ததும் வாசலில் விடை ஒப்பிடும் கூட்டத்தில் நிற்காதீர்கள். டிசம்பரில் முடிவு வரும். அதற்கு முன்பே நீங்கள் அளித்த விடைகளும் விடைக்குறிப்பும் இணையத்தில் வெளியாகும். இடைப்பட்ட நாட்களில் டான்செட் எழுத எண்ணுபவர்கள் அந்த வினாத்தாள்களைப் புரட்டத் தொடங்கலாம். 2025-ல் அது மார்ச் 22-இல் நடந்தது. அதில் விட்டுவிடுவதைவிட வேகம் முக்கியம், ஒரு கேள்விக்கு ஒன்றேகால் நிமிடத்துக்கும் குறைவு. காகிதத்தில் வட்டம் நிரப்பிப் பழகுங்கள். கணினிக்குப் பழகிய கை தடுமாறும்.

விடைக்குறிப்பு வந்த இரவு, நான் திரும்பிப் பார்க்காமல் விட்டுவந்த அந்த இரண்டு தொகுப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்று 40 நிமிடத்தில் வந்தது. இன்னொன்று வரவே இல்லை.